ஓடைக்கு அப்பால் போன நரிக்குட்டிகள்

அன்புள்ள போஷேனா,

உன் முழங்கால் வலி குறைந்ததா? நான் சௌக்கியம். “ஏங்க, காட்டு நரியைப் பிடிச்சு யாரு ஊசி போடுவாங்க?” என்று கிளம்பும்போது கேட்டாயே. ஊசியே இல்லை. மாத்திரையை வெல்லத்துக்குள் பொதிவது போல, வெறிநோய்த் தடுப்பு மருந்தை மீன் வாசனை இரைக்குள் வைத்திருக்கிறார்கள். நரி அதைக் கடித்தால் மருந்து வாயில் பரவும். குட்டிகள் தூரம் போகாது என்பதால் வளை வாசலிலேயே வைக்கிறோம்.

நேற்று வனக்காவலர் வித்தோல்ட் புகையிலை சுருட்டக் கழற்றிய கையுறையை மறுபடி போடாமலே இரையை எடுத்தார்.

“கையுறையைப் போடுய்யா. மனுஷ வாடை பட்டா தாய் குட்டிகளைத் தூக்கிட்டுப் போயிடும்” என்றேன்.

“போங்க வாத்தியாரே! நரி என்ன உங்க ஹெட்மாஸ்டரா, மோந்து பாத்துக் கண்டுபிடிக்க?”

நானும் சிரித்துவிட்டேன். இன்று காலை வளை காலி. இரைகளின் மேல் நத்தைகள். தாயின் காலடித்தடம் எல்லை ஓடைக்குள் இறங்கியிருந்தது. அக்கரையில் போன வாரம்தான், மனிதரைக் கண்டு பயப்படாமல் வீட்டு வாசல்வரை வந்த வெறிபிடித்த நரி ஒன்றைச் சுட்டார்கள். அது வேறு நாடு, அங்கே யாரும் மருந்து வைப்பதில்லை. நாங்களும் போக முடியாது.

“நாலு குட்டியும் போச்சா வாத்தியாரே?” என்றார் வித்தோல்ட். நான் நத்தைகளைத் தட்டிவிட்டு இரைகளைப் பையில் போட்டேன்.

கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்பு. பார்சலைக் கடையில் கட்டச் சொல்லாதே, நீயே கட்டு; உன் கை வாசம் வரட்டும். தபால் வண்டி வந்துவிட்டது.

நம் தோட்டத்துக்கு நரிக்குட்டி ஏதாவது பயமில்லாமல் வந்தால், கொஞ்சக் கூப்பிடாதே. கதவைச் சாத்திக்கொள்.

உன்
ஸெனோன்