அப்பாவின் இடுப்பளவு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். வேளாவேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, நல்லபடியாகப் படித்துக்கொண்டிருப்பாய் என்று நம்புகிறேன். தினமும் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பாய். வீட்டில் நீ கூப்பிட்டால் அப்பா ஸ்பீக்கரைப் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார். கடையிலிருந்து இரண்டு முறை நானே கூப்பிட்டேன். உன் குரலைக் கேட்டதும் சும்மாதான் கூப்பிட்டேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். வாயில் வராதது கையிலாவது வருகிறதா பார்க்கலாம். இதைத் தனியாக இருக்கும்போது படி.

கடையில் பள்ளிச் சீருடை மலை மாதிரி கிடக்கிறது. துணி வெட்டும் மேசையில் ஒரு ஓரத்தை ஒதுக்கித்தான் எழுதுகிறேன். பட்டன் கட்டும் அக்காவுக்குப் பேத்தி பிறந்திருக்கிறது. உன் மாமா புது வீட்டுக்குக் குடிபோன நாள் நினைவுக்கு வருகிறது. விருந்தில் அப்பா வெள்ளரிக்காய்த் துண்டுகளோடு உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, மச்சான், வெளியே நல்லா புல்லு வளர்ந்திருக்கு, அங்கே இலை போடவா என்று கேட்டார். கூட்டமே சிரித்தது. அப்பாவும் சிரித்தார். அது ஆறு மாதத்துக்கு முன்னால். அப்போது எனக்கும் சிரிப்பு வந்தது.

போன விடுமுறையில் ரத்தப் பரிசோதனைச் சீட்டில் அப்பாவின் கொழுப்பு அளவைப் பார்த்துவிட்டு, அப்பா கையைப் பிடித்து வாக்கு வாங்கினாயே, ஒரு வருஷம் பால், முட்டை, இறைச்சி எதுவும் கூடாது, முழு வீகன் என்று. மூன்று நாள் தாங்காது என்றுதான் நினைத்தேன். டிப்போவில் ஒரு கையால் பஸ் நேரத்தைக் குறித்துக்கொண்டு இன்னொரு கையில் வெண்ணெய் பன் வைத்திருந்த மனுஷன். அங்கே தினம் யாருக்காவது பிறந்தநாள், யாருக்காவது பணி ஓய்வு, கேக் வெட்டாத வாரமே கிடையாது. வேண்டாம் என்றால் கோபித்துக்கொள்வார்கள். இவர் எல்லாவற்றுக்கும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுக் கறுப்புத் தேநீரோடு நின்றார். முயல் என்று பேர் வைத்து, மேசையில் கீரைக்கட்டைக் கொண்டுவந்து வைத்தார்கள். அதையும் வீட்டுக்கு எடுத்துவந்து சமைக்கச் சொன்னார்!

மூன்று மாதத்தில் இடுப்பு நாற்பதிலிருந்து முப்பத்தாறுக்கு வந்தது. அடுத்த ரத்தப் பரிசோதனையும் நன்றாக இருந்தது. அவருடைய பேன்ட்டுகளை நான்தான் இடுப்பில் பிடித்துத் தைத்துக் கொடுத்தேன். இளைத்தவர்களின் துணியைப் பிடிக்கும்போது மிச்சத் துணியை வெட்டக் கூடாது, உள்ளே மடித்துத் தைத்துவிட வேண்டும். ஒரு வருஷத்தில் மறுபடி பருத்து, பிரிக்கச் சொல்லி வந்து நிற்பார்கள். அப்பாவுக்கும் அப்படித்தான் மடித்துத் தைத்தேன்.

அதற்குப் பிறகும் இறங்கியது. முப்பத்துநாலு. கன்னம் ஒட்டி, தோள்பட்டை ஹேங்கர் மாதிரி ஆகிவிட்டது. போதும், விட்டுவிடுங்கள் என்று எத்தனையோ சொன்னேன். பாப்பாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கேன் என்பார். அதற்கு மேல் எனக்குப் பொறுக்கவில்லை. பாப்பா, கோபித்துக்கொள்ளாதே. பத்து வாரமாக அவருக்குத் தெரியாமல் கஞ்சியில் பால் பவுடர் கலக்கிறேன். கீரையில் வெண்ணெய். காய்கறித் தண்ணீர் என்று சொல்லி எலும்பு சூப். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான். அவரும் என் கைப்பக்குவம் கூடிவிட்டதாகச் சொல்லி இன்னொரு கரண்டி கேட்பார். அவர் சாப்பிடுவதைப் பார்க்க எனக்கு வெட்கமாகவும் இருக்கும், நிறைவாகவும் இருக்கும்.

ஞாயிறுதோறும் சட்டை தைக்கிற சாக்கில் டேப்பைச் சுற்றிப் பார்ப்பேன். ஏறும் ஏறும் என்று காத்திருந்தேன். முப்பத்துமூன்று. முப்பத்திரண்டு. போன ஞாயிறு முப்பத்தொன்று. பிடித்துப் பிடித்து, பேன்ட்டின் பின் பாக்கெட் இரண்டும் நடுவில் வந்து ஒட்டிக்கொண்டன. இனி பிடிக்க இடமில்லை, புதிதாகத்தான் தைக்க வேண்டும் என்றேன். வேண்டாம், பெல்ட்டில் ஒரு ஓட்டை போட்டுக்கொள்கிறேன் என்றார்.

ஊரெல்லாம் ஒரே பாராட்டு. எதிர்வீட்டுக்காரி நோட்டோடு வந்து, அண்ணன் என்ன சாப்பிடுகிறார் என்று எழுதிக்கொண்டு போனாள். சாயங்காலம் ஏழு மணிக்கே நாற்காலியில் தூங்கிவிடுகிறார். விலாவுக்குக் கீழே வலி என்றால் பயறு சாப்பிட்ட வாயு என்கிறார். மூன்று வாரத்துக்கு முன் இழுத்துக்கொண்டு டாக்டரிடம் போனேன். என்ன சாப்பிடுகிறீர்கள் என்று அவர் கேட்டதுதான் தாமதம், அப்பா பாடம் ஒப்பிக்கிற மாதிரி ஒப்பித்தார். எல்லாத்துக்கும் இவதான் காரணம், வீட்டுக்குள்ளே ஒரு சொட்டுப் பால் வர்றதில்லை என்று என்னைக் காட்டிச் சொன்னார். திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி உட்கார்ந்திருந்தேன். எல்லாரும் உங்களைப் போல இருந்தால் எனக்கு வேலையே இருக்காது, இந்தச் சாப்பாட்டுக்கு உடம்பு இப்படித்தான் இறங்கும், மூன்று மாதம் கழித்து வாருங்கள் என்று டாக்டர் முதுகில் தட்டி அனுப்பினார். அப்போதே வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. இனிமேல் என் கையால் ஒரு வாய்கூடச் சாப்பிட மாட்டாரே என்று பயந்தேன்.

இந்த வாரம் ஜன்னல் வெளிச்சத்தில் பார்க்கிறேன், கண்ணின் வெள்ளை வெள்ளையாக இல்லை, மஞ்சள் ஓடியிருக்கிறது. நூலும் துணியும் ஒரே நிறமா என்று இருபது வருஷமாகப் பார்க்கிற கண் எனக்கு, தப்பாக இருக்காது. கேட்டால், தினம் கேரட் தின்கிறேனே, அதுதான் என்கிறார். எதைக் கேட்டாலும் பதிலுக்கு ஒரு காய்கறி வைத்திருக்கிறார்.

வியாழக்கிழமை டிப்போ டிரைவர் ஒருவர் சட்டைக் காலர் மாற்ற வந்தார். அக்கா, முயல் விரதத்தை முடிச்சிடுச்சு தெரியுமா என்று சிரித்தார். ஒரு மாதத்துக்கு மேலாக அப்பா தினம் பதினொரு மணிக்குக் கேன்டீன் மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து மூன்று முட்டை, ஒரு டம்ளர் பால், இறைச்சி பன் சாப்பிடுகிறாராம். வீட்டில் சொல்லிவிடாதீர்கள் என்று எல்லாரையும் கெஞ்சியிருக்கிறாராம். எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. அட கள்ள மனுஷா என்று மனசு லேசாகிவிட்டது. காலரை மெஷினில் வைத்து மிதிக்க ஆரம்பித்தேன். பாதித் தையலில் கால் நின்றுவிட்டது.

வீட்டில் என் வெண்ணெய். அங்கே அவருடைய முட்டை. இரண்டு ஆள் சாப்பாடு ஒரு உடம்புக்குள் போகிறது. அப்புறமும் பெல்ட்டில் ஓட்டை கூடுகிறது. இது நீ சொன்ன சாப்பாட்டால் வந்த இளைப்பு இல்லை, பாப்பா. அது அவருக்கும் தெரியும். தெரிந்துதான் டாக்டர் முன்னால் அந்தப் பட்டியலை ஒப்பித்தார். ஒரே பெஞ்சில் உட்கார்ந்து இருவரும் ஒரே பொய்யைச் சொல்லிவிட்டு வந்திருக்கிறோம். போன மாதம் வரை உனக்கு வீடியோ காலில் எழுந்து நின்று சுற்றிக் காட்டுவாரே. இப்போது உட்கார்ந்தே பேசுகிறார். நீ கூப்பிடும் நேரத்துக்கு உள்ளே இரண்டு பனியனும் மேலே ஸ்வெட்டரும் போட்டுக்கொள்கிறார். நீ கவனித்திருக்க மாட்டாய்.

உன் மேல் ஒரு தப்பும் இல்லை. நீ வாங்கிய வாக்கு நல்லதுக்குத்தான், நல்லதையும் செய்தது. நாங்கள்தான் அதன் பின்னால் ஒளிந்துகொண்டோம். அது காரணம் இல்லையென்றால் வேறு என்ன என்று கேட்க வேண்டும். எனக்கும் கேட்கப் பயம், அவருக்கும் பயம். சாப்பாட்டு மேசையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து, அவர் தட்டைப் பார்க்கிறார், நான் சுவரைப் பார்க்கிறேன்.

லீவு கேட்டு வா. பரீட்சையை அப்புறம் எழுதிக்கொள்ளலாம். வந்த அன்றைக்கே அவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ. அம்மா கலந்தது, அப்பா தின்றது, எல்லாவற்றையும் அவர் எதிரிலேயே டாக்டரிடம் சொல். என்னிடம் பேசாமல் போனாலும் போகட்டும். பேசாமல் இருப்பதற்காவது அவர் இருக்க வேண்டும்.

வாசலில் பார்த்ததும் உனக்கு அழுகை வரும். அடக்கிக்கொள். உன் முகத்தைப் பார்த்துத்தான் அவர் தன் உடம்பைத் தெரிந்துகொள்வார்.

நீ எந்தக் குறையும் இல்லாமல் இருக்க வேண்டும், கண்ணு. உனக்கு நிறைய தைரியம் கிடைக்கட்டும். எங்கள் இரண்டு பேரிடமும் அது தீர்ந்துவிட்டது.

உன் வரவுக்குக் காத்திருக்கும்
அம்மா