அடுத்தவர் செலவில் அம்மாவுக்கு மாபிள்

என்ர மகனுக்கு,

அம்மாவின் கல்லறையில் பெயர் வெட்டாத புது மாபிள் கல்லைக் கண்டதும், நீதான் பிரான்சிலிருந்து சொல்லாமல் செய்வித்திருக்கிறாய் என்று கரம்பொன் ஊர் முழுக்க உன்னைப் புகழ்ந்து திரிந்தனான். உன்னிடம் ஒரு சொல் கேட்காத மடையன் நான்.

நேற்று, அம்மாவுக்குப் பக்கத்தில் புருசனை அடக்கம் செய்த பிரேமினி வந்தா. "அண்ணை, அது என்ர மனுசனுக்கு வாங்கின கல்லு. மேசன் கல்லறை மாறிப் பதிச்சுப்போட்டான்!"

 

ஓடிப்போய்ச் சட்டத்தரணியைக் கேட்டனான். "பிழை உங்கட இல்லை ஐயா. ஆனால் அவவின்ர செலவில வந்த நன்மையைச் சும்மா வைச்சிருக்க ஏலாது" என்றார்.

கழற்றினால் கல் உடையுமாம். என்ர மீன்பிடி வள்ளத்து எஞ்சினை விற்று, கல்லின் பெறுமதியை அவவுக்குக் கொடுத்துவிட்டன். நீ காசு அனுப்ப வேண்டாம்.

உனக்குக் கிடைத்த புகழைத்தான் எப்படித் திருப்பிக் கொடுப்பதென்று தெரியேல்லை. நீதான் கல்லுப் பதிப்பித்தனியோ என்று ஊரார் போனில் கேட்டால், ஓம் என்று சொல்லு.

உன் வாயாடி அப்பா