தெரு நெஞ்சில் ஏந்திய பிள்ளை

என் அன்பு அத்தைக்கு,

கொச்சி மட்டாஞ்சேரி வீட்டிலிருந்து உங்கள் மருமகள் எழுதுகிறேன். நீங்கள் இல்லாமல் வந்த முதல் மழைக்காலம் இது. இப்போதும் காலையில் யாராவது வாசலில் நின்று "சிஸ்டர் உண்டோ?" என்று கேட்டுவிடுகிறார்கள். தெரிந்தவர்கள்தான். வாய்ப்பழக்கம். கேட்டதும் நாக்கைக் கடித்துக்கொள்கிறார்கள். நான் உள்ளே கூப்பிட்டு ஒரு சாயா போட்டுக் கொடுத்து அனுப்புகிறேன். ஊசி போடத் தெரியாதவள் வேறென்ன செய்வேன்?

ஆஸ்பத்திரி டூட்டி முடிந்து வெள்ளைப் புடவை கசங்கி நீங்கள் வரும்போதே வராந்தாவில் நாலைந்து பேர் காத்திருப்பார்கள். கிடங்கில் மூட்டை சுமந்து காலில் ஆணி ஏறியவர், காது வலிக்கிற பிள்ளை, சர்க்கரைப் புண்ணோடு ஒரு பெரியவர். செருப்பைக் கழற்றுவதற்குள் "காட்டு, பாக்கட்டே" என்று குனிந்துவிடுவீர்கள். உள்ளே மாமா இரண்டாம் தரம் ரசத்தைச் சூடு பண்ணிக்கொண்டிருப்பார். ஆமாம், நம் வீட்டில் சமையல் மாமாதான். நீங்கள் வைத்த சாம்பாரை நான் ஒரே ஒரு தரம் சாப்பிட்டிருக்கிறேன். அதைப் பற்றி இந்த நல்ல நேரத்தில் பேச வேண்டாம். கோபப்படாதீர்கள்.

உங்களுக்கு நன்றி சொல்லத்தான் உட்கார்ந்தேன். இருந்தவரைக்கும் சொல்ல விட்டீர்களா? வாயைத் திறந்தாலே "வேற வேலை இல்லையா மோளே?" என்று விரட்டுவீர்கள். இப்போது எப்படி விரட்டுவீர்கள், பார்க்கிறேன்.

சுதா பிறந்தது எழுபதுகளின் கடைசியில், வைகாசிக் கடைசியில், இடவப்பாதி மழை கொட்டிக்கொண்டிருந்த நாட்களில். எட்டாம் மாசம் தொடங்கும் முன்பே அவசரப்பட்டு வந்துவிட்டாள். அழக்கூடத் தெம்பில்லை. சின்னப் பூனைக்குட்டி முனகுகிற மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். எனக்கோ பிரசவக் காய்ச்சல், உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. ஆஸ்பத்திரியில் இருந்த ஒரே சூட்டுப் பெட்டியில் ஏற்கெனவே இரண்டு குழந்தைகள். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம் என்றால், அந்த மழையில் போகிற வழியிலேயே பிள்ளை குளிர்ந்துவிடும் என்று டாக்டர் பயந்தார். நல்ல மனுஷர்.

"பிள்ளைக்கு இப்ப வேண்டது சூடு சிஸ்டர். ஒரு நிமிஷம் கூட அது குறையப்படாது. உங்க வீட்டில ஆளுண்டோ?" என்று கேட்டார்.

"ஆளுக்கு எங்க தெருவில என்ன பஞ்சம் டாக்டரே?" என்றீர்கள்.

எங்கள் இரண்டு பேரையும் வீட்டுக்குக் கொண்டுவந்தீர்கள். மழைக்கு மின்சாரம் போவதும் வருவதுமாக இருந்ததால் பல்பு சூட்டை நம்ப முடியாது. உங்கள் பழைய வெள்ளைப் புடவையைக் கிழித்து, பிள்ளையை வெறும் உடம்போடு உங்கள் மார்பில் வைத்துக் கட்டிக்கொண்டு, பக்கத்து வீடுகளுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தீர்கள். குளித்துவிட்டு வரவேண்டும். இருமல், சளி இருந்தால் படி ஏறக் கூடாது. பிள்ளையோடு தோல் ஒட்டித்தான் உட்காரவேண்டும். உங்களுக்கு லீவு கிடைக்கவில்லை. அதனால் நீங்கள் டூட்டிக்குப் போகிற நேரமெல்லாம் என் மகள் மார்பு மாறி மார்பு மாறி வளர்ந்தாள்.

எதிர்வீட்டு ஹவ்வா உம்மா வந்தார். குஜராத்திக் கடைக்கார வீட்டு ஹன்ஸாபென் வந்தார். உங்கள் மகன் மிளகுக் கிடங்கிலிருந்து அப்படியே ஓடி வந்து கையை நீட்டினார். "எந்தாடா, பிள்ளையைத் தும்ம வச்சே கொல்லப் பாக்கிறியா? போய்க் குளி!" என்று துரத்தினீர்கள். குளித்து வந்து சட்டையில்லாமல் மரக்கட்டை மாதிரி உட்கார்ந்தவர், "மூச்சு விடலாமா அம்மா?" என்று கேட்டார்.

"நீ விட்டாத்தான் மோனே அதுக்கும் விடத் தோணும்."

பொள்ளாச்சியிலிருந்து வந்திருந்த என் அம்மாவுக்கு இது பொறுக்கவில்லை. "ஏனுங்க சம்பந்தி, கண்டவங்க மேலெல்லாம் புள்ளையப் போட்டு வெக்கறீங்களே, நல்லாருக்குதுங்களா?" என்று கேட்டேவிட்டார். நீங்கள் சண்டைக்குப் போகவில்லை. "உங்க மாரும் சூடாத்தானே சம்பந்தியம்மா இருக்கு? குளிச்சிட்டு வாங்கோ. சாயங்கால டூட்டி உங்களுக்கு" என்றீர்கள். அம்மா முணுமுணுத்துக்கொண்டே போய்க் குளித்தார். அதன் பிறகு அவரிடமிருந்து பிள்ளையை வாங்குவதற்குள் ஹவ்வா உம்மா பட்ட பாடு இருக்கிறதே!

ஊரே என் பிள்ளையை ஏந்தியது. நான் மட்டும் தொடவில்லை. காய்ச்சல் தணியும் வரை கூடாது என்று சொல்லிவிட்டீர்கள். அடுத்த அறையில் படுத்துக்கொண்டு ஒவ்வொருவரும் கொஞ்சுவதைக் கேட்டுக் கேட்டு வயிறு எரிந்தேன். உங்கள் மீதுதான் அதிகம் எரிந்தது. அதுவும் உங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு முறை டூட்டியிலிருந்து வந்ததும், குளித்து, பிள்ளையை வாங்கிக் கட்டிக்கொண்டு, என் அறை வாசலில் வந்து நின்று முகத்தைக் காட்டுவீர்கள். நான் அழுவேன்.

"தொடலைன்னா என்ன? வளர்க்கிறது நீதானே. பாலு உன்னுது" என்பீர்கள். என் பாலைப் பீய்ச்சி எடுத்து, கொதிக்க வைத்த சங்கில் ஊற்றி எடுத்துப் போவீர்கள். யார் மடியில் பிள்ளை இருந்தாலும், புகட்டுவதற்கு முன் அதன் காதருகே போய், "உங்க அம்மா குடுத்தனுப்பியிருக்கா, குடி" என்று சத்தமாகச் சொல்வீர்கள். என் காதில் விழவேண்டும் என்றுதான் அந்தச் சத்தம். அப்போது எனக்கு அது புரிந்ததா? இல்லை அத்தை.

ஒரு மத்தியானம் ஹவ்வா உம்மா மார்பிலேயே பிள்ளை மூச்சை நிறுத்திவிட்டது. உடம்பு நீலம் பாய்ந்தது. "என்டெ ரப்பே!" என்று உம்மா அலறியது எனக்குக் கேட்டது. எழ முடியாமல் கட்டிலிலிருந்து விழுந்தேன். நீங்கள் சொல்லிக்கொடுத்திருந்தபடி உம்மா உள்ளங்காலைச் சுண்டிச் சுண்டி, முதுகைத் தேய்த்து, எப்படியோ அந்த மூச்சைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார். சேதி கேட்டு ஓடிவந்த நீங்கள் பிள்ளையைப் பார்த்தீர்கள், உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டீர்கள், பிறகு என் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டீர்கள். "எனக்குப் பயமாயிருக்குடி" என்றீர்கள். அன்றைக்குத்தான் என் எரிச்சல் எல்லாம் போயிற்று. நானும் நீங்களும் ஒரே பயத்தைத்தான் பயந்துகொண்டிருந்தோம்.

காய்ச்சல் விட்ட அன்று நீங்களே என்னைத் துடைத்து, தலை பின்னி, புதுப் புடவை சுற்றினீர்கள். ஹவ்வா உம்மா, ஹன்ஸாபென், என் அம்மா எல்லாரும் வாசலில் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். "எல்லாரும் வெளிய" என்றீர்கள். பிள்ளையை உங்கள் மார்பிலிருந்து அவிழ்த்து என் மார்பில் வைத்தீர்கள். "நானும் போறேன். நீங்க ரெண்டு பேரும் இருங்கோ" என்று கதவைச் சாத்திக்கொண்டு போனீர்கள். வெளியே நீங்கள் மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது. பிள்ளை என் மேல் கிடந்து கொட்டாவி விட்டது. அதைவிடப் பெரிய சந்தோஷம் எனக்கு இன்றுவரை வரவில்லை.

இப்போது இங்கத்திய சேதி. வல்லார்பாடத்தில் கப்பல் பெட்டி இறக்கப் பெரிய துறைமுகம் கட்டுகிறார்கள். உங்கள் மகனுக்கு மூட்டுவலி. மருந்து சாப்பிடச் சொன்னால் உங்களை மாதிரியே கத்துகிறார். சுதா காக்கநாட்டில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறாள். அவளுக்கு இன்னும் ரத்தத்தைப் பார்த்தால் மயக்கம் வரும்.

போன வாரம் படகேறி வந்தவள் நேரே உங்கள் படத்துக்கு முன்னால் போய் நின்று, "எனக்கு மூணு மாசம் அச்சம்மா" என்று சொன்னாள். பெற்றவள் நான் அடுக்களையில் நிற்கிறேன், படத்துக்குத்தான் முதல் சேதி! சுருக்கென்றது. பிறகு கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதேன்.

ஒரு வாக்குக் கொடுக்கிறேன் அத்தை. அந்தப் பிள்ளை வந்ததும் முதலில் சுதாவின் மார்புக்குத்தான் போகும். அவள் ஆசை தீர வைத்துக்கொள்ளட்டும். அவளுக்கு முடியாமல் போனால், வேண்டிய மார்புகளை நான் தெருவில் தேடிக்கொண்டுவருவேன். பிள்ளை யாரிடம் இருந்தாலும் அது அவளுடையது என்பதை அவள் காதில் விழும்படி சொல்வேன். எனக்குக் கை பரபரக்கும், தெரியும். ஆனாலும் குளித்துவிட்டு வந்து எல்லாருக்கும் பின்னால், வரிசையில் கடைசி ஆளாக நிற்பேன்.

என்றும் உங்கள் மருமகள்,
சுதாவின் அம்மா