மகிழ்ச்சியுடன் தெரிவித்தார்

வக்கீலே, பழைய தொழிலாளர் சட்டங்களையெல்லாம் பிழிந்து நாலே நாலாகச் சுருட்டிவிட்டார்கள். பழைய பதிவேடுகளை ஒழித்துக்கட்டச் சொல்லி உத்தரவு. போன வாரம் உன் பீரோவைத் திறந்தேன். நீ போட்டுவைத்த பூச்சி உருண்டையின் வாசனை மூக்கைத் தாக்கியது. நான் போட்ட தும்மலில் ஆரம்பாக்கம் சோதனைச்சாவடியே ஆடியிருக்கும். “ரெஜிஸ்டரப் பூச்சி தின்னா, நம்மள இன்ஸ்பெக்டர் தின்னுடுவாருய்யா” என்பாய்.

நீ இந்தத் தொழிற்சாலையின் சட்ட அதிகாரியாக இருந்தவன்; நான் பர்சனல் மேனேஜர், கும்மிடிப்பூண்டிப் பதிவேடுகளின் ஏகச் சக்கரவர்த்தி. கையில் கிடைத்தது பாதுகாப்புக் குழுவின் கூட்டக் குறிப்பேடு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை நிர்வாகமும் தொழிலாளர்களும் உட்கார்ந்து, எந்த மெஷினில் என்ன ஆபத்து என்று பேச வேண்டும். நான் ஒருமுறைகூடக் கூட்டியதில்லை. வருடக் கடைசியில் ஒரே மத்தியானத்தில் நாலு கூட்டத்தையும் எழுதி முடிப்பேன். சந்தேகம் வரக்கூடாதென்று கூட்டத்துக்கு ஒரு பேனா.

அப்படி எழுதிக்கொண்டிருந்தபோதுதான் நீ உள்ளே வந்தாய்.

“இன்னா மேனேஜரே, நாவல் எய்திக்கினு கீறியா?”

“கூட்டம் நடத்திக்கினு கீறேன். பேசாத, இப்பதான் ஜூன் மாசம் பொறந்துக்குது.”

“யார் யார் வந்துக்கிறாங்க?”

“அல்லாரும். பஜ்ஜிகூடக் குட்த்துட்டேன்.”

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். பிறகு நாற்காலியை இழுத்துப்போட்டு, “ஒரே ஒரு தபா நெஜமா கூப்ட்டு கேளுய்யா. அரை மணி நேரம். அதுல இன்னா பேஜாரு?” என்றாய். தகடு வெட்டும் பிரஸ் அரை மணி நேரம் நின்றால் இந்தியத் தொழில்துறையே சரிந்துவிடும் என்று உனக்கொரு சொற்பொழிவு ஆற்றினேன்.

அந்த ஜூன் கூட்டத்தில் நான் எழுதிய வரி இது: ‘தொழிலாளர் பிரதிநிதி திரு. ஏழுமலை, மூன்றாம் பிரஸ்ஸின் தடுப்பு சிறப்பாக இயங்குவதாக மகிழ்ச்சியுடன் தெரிவித்தார்.’ சும்மா ‘தெரிவித்தார்’ என்று விட்டிருக்கலாம். என் கைக்கு அது போதவில்லை. உண்மையில் கை உள்ளே போகாமல் காக்கும் அந்தத் தடுப்பு, வேலை மெதுவாகிறதென்று சூப்பர்வைசர் கழற்றச் சொல்லி, மாதக்கணக்கில் மூலையில் கிடந்தது. அந்த பிரஸ்ஸை ஓட்டியவரே ஏழுமலைதான். மெஷினருகில் நின்றபடியே, படிக்காமல், என்னை நம்பிக் கையெழுத்துப் போட்டார்.

பொங்கல் முடிந்து வந்த வாரம் அவருடைய வலது கையில் இரண்டு விரல்கள் போயின.

தடுப்பை அவரே கழற்றினார் என்று நிர்வாகம் உள்விசாரணை வைத்தது. அதற்குச் சாட்சி என் குறிப்பேடு. ஜூனில் நன்றாக இருக்கிறது என்று மகிழ்ந்தவர், பிறகு தானே கழற்றாமல் வேறு யார் கழற்றினார்களாம்? நீ என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினாய்.

“ஒரு வரி சொல்லு. கூட்டம் நடக்கல, நான்தான் எய்தினேன்னு. அவன் வேல தப்பிக்கும்.”

“என் வேல?”

“அதுக்கு நான் நிக்கிறேன்யா.”

வாயைத் திறந்தால் புறநகர் ரயிலே நின்று கேட்டுவிட்டுப் போகும் என்று பீற்றிக்கொண்டவன் நான். விசாரணையில் ஒரே சொல்தான் சொன்னேன்: “நினைவில்லை.” ஏழுமலைக்கு வேலை போயிற்று. அந்த வாரமே நீ ராஜினாமா எழுதிக் கொடுத்தாய். உன் பிரிவுபசாரத் தேநீருக்குக்கூட நான் வரவில்லை. ஆடிட் என்று சொல்லி அனுப்பினேன். எந்த ஆடிட்டும் இல்லை. பொன்னேரியில் உன் வீட்டில் உன் உடலைக் கிடத்தியிருந்த அன்று, தெரு முனை வரை வந்து, யாரோபோல நின்றுவிட்டுத் திரும்பினேன்.

குறிப்பேட்டை ஒழிக்கக் கை வரவில்லை. மறுநாள் கவரைப்பேட்டைக்குப் போனேன். ஸ்டேஷன் பக்கம் ஏழுமலையும் அவர் மனைவியும் டிபன் கடை வைத்திருக்கிறார்கள். இடது கையால் தோசை வார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கூட்டம் நடக்கவில்லை, எழுதியது நான்தான் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொண்டுபோயிருந்தேன். நீட்டினேன். வாங்கி, நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். இந்த முறை படித்தார்.

“தெரியும் சார். வக்கீல் சார் அப்பவே சொல்ட்டாரு.”

“என்னப்பா சொன்னார்?”

“‘அவன் கெட்டவன் இல்ல ஏழுமல, பயந்துட்டான். வந்து சொல்லுவான் பாரு’ன்னாரு. இங்க நாஷ்டாவுக்கு வர்றப்பல்லாம் கேப்பாரு, ‘அவன் வந்தானா’ன்னு.”

“நீ?”

“இன்னும் இல்ல சார்னுவேன்.”

தோசையைத் திருப்பிப் போட்டார். என்னை உட்காரச் சொல்லவில்லை. போகவும் சொல்லவில்லை.

எத்தனை முறை கேட்டாய் என்று விசாரிக்க எனக்குத் துணிவில்லை, வக்கீலே. எதையும் ஆயிரமாகப் பெருக்கிச் சொல்லும் வாய் இது. அந்த ஒரு கணக்கை மட்டும் பெருக்காமலே தாங்க முடியவில்லை. பிரஸ் ஷாப்பைக் கடக்கும்போதெல்லாம் உன் குரலில் ‘அவன் வந்தானா’ என்று கேட்கிறது. இனி நீ கேட்டால், வந்தான் என்று ஏழுமலை சொல்லுவார். கேட்கத்தான் நீ அங்கே வரப்போவதில்லை.