என் தங்கை மகளின் கோப்பில் நான்காம் பக்கம்

அனுப்புநர்:
குழந்தையின் தாய்மாமன்,
குளிர்சாதனப் பெட்டி மெக்கானிக் (இருபத்திரண்டு வருட அனுபவம்),
சலவைக் கடைக்குப் பின்புறம் உள்ள பட்டறை.

பெறுநர்:
தலைமை மருத்துவர் அவர்கள்,
குழந்தை வளர்ச்சி மதிப்பீட்டு மையம்,
அரசு மருத்துவமனை, இரண்டாம் தளம்.

பொருள்: கோப்பு எண் 317 – என் தங்கை மகள், வயது நான்கு வருடம் பத்து மாதம் – நான்காம் பக்கத்தில் உள்ள தவறான பதிவை நீக்கி, ஐந்து வயது முடியும் முன் பேச்சுப் பயிற்சியில் இடம் தருமாறு வேண்டுவது தொடர்பாக.

பெருமதிப்பிற்குரிய டாக்டரம்மா,

1. இதெல்லாம் நடக்கும் என்று முன்கூட்டியே சொன்னவன் நான். குழந்தைக்கு எட்டு மாதம் இருக்கும்போதே சொன்னேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். ஆனால் அடுத்த அறையில் கம்ப்ரசர் ஓடத் தொடங்கினால் தலை அந்தப் பக்கம் போகும். "காதுல கோளாறு இல்ல, வேற என்னமோ இருக்கு, பாருங்க" என்று ஐம்பது பேர் முன்னிலையில் சொன்னேன். சாட்சிக்கு அழைத்தால் ஏழெட்டுப் பேராவது வருவார்கள். நான் எட்டாம் வகுப்புதான். ஆனாலும் தாங்கள் பல வருடம் படித்துக் கண்டுபிடித்ததை நான் ஸ்க்ரூ டிரைவரும் கையுமாக நின்றே கண்டுபிடித்துவிட்டேன் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

2. வீட்டில் அவளைப் பாப்பு என்போம். தங்கை பிஸ்கட் கம்பெனியில் பேக்கிங் பிரிவில் இருந்ததால், பகல் முழுவதும் பாப்பு என் பட்டறையில்தான் வளர்ந்தாள். டப்பா நிறைய ஸ்க்ரூ கொட்டினால் நீள வாரியாக அடுக்கி வைப்பாள். அரை மில்லிமீட்டர் வித்தியாசம்கூடத் தப்பாது. என்னிடம் வேலை கற்றவர்களில் ஒருவருக்கும் அந்தக் கண் கிடையாது. எனக்கு உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் ஃப்ரிட்ஜின் பக்கவாட்டில் கன்னத்தை வைத்து நின்றால் அரை மணி நேரம் அசைய மாட்டாள். ஏதாவது வேண்டுமென்றால் விரல் நீட்டிக் காட்டத் தெரியாது. என் மணிக்கட்டைப் பிடித்து, நான் ஸ்பானரை எடுப்பது போல எடுத்து, வேண்டிய பொருளின் மேல் வைப்பாள். வேலை முடிந்ததும் கையை விட்டுவிடுவாள். என் முகத்தைப் பார்க்க மாட்டாள்.

3. இரண்டரை வயதில் தங்கள் மையத்துக்கு அழைத்து வந்தோம். வந்தோம் என்றால், நான்தான் வந்தேன். தங்கைக்கு விடுப்பு கிடைக்கவில்லை. மேற்பார்வையாளர் ஆகி இரண்டே மாதம் ஆகியிருந்தது. நர்ஸம்மா அறுபது கேள்விகள் கேட்டு எழுதினார். பிறகு மருத்துவர் பதினோரு நிமிடம் பார்த்தார். சுவர்க் கடிகாரத்தில் நானே குறித்துக்கொண்டேன். "பேச்சுத் தாமதம், ஒரு வருடம் கழித்து வரவும்" என்று அனுப்பிவிட்டார்கள். காரணம் நான்காம் பக்கம். "பொருள் தெரிந்து பேசும் சொல் உண்டா?" என்ற இடத்தில் "உண்டு. 'மாமா' என்று தினமும் கூப்பிடுகிறாள்" என்று இருக்கிறது. கூட்ட நெரிசலில் நர்ஸம்மா வேறு குழந்தையின் விவரத்தை இதில் எழுதிவிட்டார் என்பதே என் புகார்.

4. வருடம் கழிந்து, மூன்று வயது எட்டு மாதத்தில் மறுபடி வந்தபோது பாப்புவிடம் ஒரு சொல்லும் இல்லை. அப்போது இருந்த மருத்துவர் நல்லவர். குழந்தையோடு தரையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பார்த்து, ஆட்டிசம் என்று சொன்னார். "யார் மேலயும் தப்பில்லம்மா. மூளை வளர்ற விதமே வேற. பயிற்சி குடுத்தா நல்லா முன்னேறுவா" என்று தங்கையிடம் பொறுமையாகச் சொன்னார். பிறகு நான்காம் பக்கத்தைப் புரட்டினார். "பேசிட்டு இருந்த குழந்தையா? எப்போ நிறுத்துச்சு?" என்று கேட்டார். தங்கை என்னைப் பார்த்தாள். கோப்பில் "பேச்சு இழப்பு" என்று ஏறியது.

5. அந்த இரண்டு வார்த்தைகளால் வேறு நோய் ஏதும் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் பயிற்சி என்றாகிவிட்டது. மூன்று முறை ரத்தம் எடுத்தார்கள். தலையில் வயர் ஒட்டி மூளையின் ஓட்டத்தைப் பதிவு செய்தார்கள். மயக்க மருந்து முழுதாக ஏறவில்லை. நான் கால்களைப் பிடித்துக்கொண்டேன். பாப்பு தன் புறங்கையையே கடித்துக்கொண்டாள். அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. எதிலும் ஒன்றும் இல்லை என்றார்கள். இன்னும் ஒரு ஸ்கேன் பாக்கி. அதற்குத் தேதி ஏழு மாதம் கழித்து. தங்கள் பயிற்சி வகுப்போ ஐந்து வயதுக்கு மேல் சேர்ப்பதில்லை. எங்களுக்கு இருப்பது இரண்டு மாதம்.

6. வீட்டு நிலைமையையும் சொல்ல வேண்டும். "நீ சூப்பர்வைசர் ஆன அப்புறம்தானே புள்ள பேச்ச நிறுத்துச்சு?" என்று தங்கையின் கணவர் அவளிடம் ஒரே ஒரு தடவை கேட்டார். மறுவாரமே தங்கை வேலையை விட்டுவிட்டாள். ஒன்பது வருட வேலை. அதோடும் விடவில்லை. பழைய காலண்டரை எடுத்து அந்த மாதங்களில் என்னென்ன நடந்தது என்று தேதி தேதியாக எழுதி வைத்திருக்கிறாள். காய்ச்சல், தடுப்பூசி, கட்டிலிலிருந்து விழுந்தது. ஒரு தேதிக்கு நேரே "அடித்தேன்" என்று இருக்கிறது. பால் டம்ளரைக் கவிழ்த்ததற்கு முதுகில் ஒரு அடி. "அந்த அடியிலதான் போயிருக்கும்ணா" என்கிறாள். பிறகு என்னிடம் கேட்பாள்: "எப்படிக் கூப்பிட்டா, சொல்லுண்ணா. இழுத்துக் கூப்பிட்டாளா, வெடுக்குன்னா?"

நான் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். இழுத்துத்தான் கூப்பிட்டாள் என்றேன். கண்டென்சரைக் கழுவிக்கொண்டிருந்தேன், பின்னாலிருந்து வந்தது என்றேன். கேட்கும்போதெல்லாம் கொஞ்சம் கூட்டிச் சொன்னேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள்.

7. ஆகவே, நான்காம் பக்கத்தில் உள்ள வரியையும் அதனால் ஏறிய "பேச்சு இழப்பு" என்பதையும் நீக்கி, ஸ்கேனுக்குக் காத்திராமல் இந்த மாதமே பயிற்சியில் இடம் தர வேண்டுகிறேன்.

8. மூன்றாம் பத்தியில் நர்ஸம்மாவைப் பற்றி எழுதியது பொய். திருப்பி எழுதக் கையில் வேறு தாள் இல்லாததால் அப்படியே விட்டிருக்கிறேன். அவர் சரியாகத்தான் எழுதினார். "நிச்சயமா சொல்றீங்களா?" என்று இரண்டு முறை கேட்கவும் செய்தார். முன்னால் போன குழந்தை கதவு வரை பேசிக்கொண்டே போனது. அந்தத் தாய் சிரித்துக்கொண்டே நின்றாள். பாப்பு மேசைக்கு அடியில் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் பேசமாட்டாள் என்று அவளை வைத்துக்கொண்டு சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "அம்மா" என்று சொல்லியிருக்கலாம். தங்கை வீட்டில் காது கொடுத்துக் கேட்டுக் கண்டுபிடித்துவிடுவாள். அதனால் எனக்குப் பிடித்த சொல்லை எடுத்துக்கொண்டேன்.

பாப்பு என்னை மாமா என்று ஒருநாளும் கூப்பிட்டதில்லை. எந்தச் சொல்லும் அவளிடம் வந்துவிட்டுப் போகவில்லை. ஆகவே என் தங்கை எதையும் தொலைக்கவில்லை.

இதை நேற்று அவளிடம் சொல்லிவிட்டேன். "எனக்காக அளக்காதண்ணா" என்று சொல்லிவிட்டு, காலண்டரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். என் வாயிலிருந்து வந்தால் இனி நம்பமாட்டாள். எனவே, "குழந்தை இதுவரை ஒரு சொல்லும் பேசியதில்லை" என்று மையத்தின் முத்திரையுடன் ஒரு கடிதம், என் பெயருக்கு அல்ல, அவள் பெயருக்கு அனுப்பி வைக்குமாறு கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: தங்கள் மையத்தின் காத்திருப்புக் கூடம்
நாள்: பதினான்காம் தேதி, செவ்வாய்க்கிழமை

இப்படிக்கு,
(கையொப்பம்)
குழந்தையின் தாய்மாமன்