காக்கா பார்க்காத பிறை

என் உயிருக்கு நேரான அண்ணன் காசிம் காக்காவுக்கு,

ஆமினாவின் சலாம். உங்களை அடக்கியிருக்கிற மையவாடிக்குப் பெண்கள் வருகிற வழக்கம் நம்மூரில் இல்லை. இருந்திருந்தால் நேரே வந்து உங்கள் தலைமாட்டில் உட்கார்ந்து சொல்லியிருப்பேன். அதற்கு வழியில்லாமல் எழுதுகிறேன். ஊர் படித்தாலும் படிக்கட்டும்.

முதலில் நல்ல சேதி. உங்கள் மச்சான், என் வீட்டுக்காரர், சிங்கப்பூரிலிருந்து வந்திருக்கிறார். எனக்கு ஒரு தொலைநோக்கி கொண்டு வந்தார். ஆள் உயரக் குழாய், அடியில் நாலங்குலக் கண்ணாடி. அந்தக் கண்ணாடிதான் வானத்தை வாங்கித் திருப்பிக் கொடுக்கிறது. குழாயின் முனையில் பார்க்கக் கூடாது, விலாவில் ஒரு துளை இருக்கிறது, அதில்தான் கண்ணை வைக்க வேண்டும். மாடியில் கொண்டுபோய் நிறுத்தியதும் எதிர்வீட்டுக்காரர், "என்ன மச்சான், பீரங்கியா? யாரு மேல சண்டைக்குப் போறீக?" என்று கேட்டார்.

எட்டு வருசமாக நான் வானத்தை அண்ணாந்து பார்க்கவில்லை. உங்களுக்குத் தெரியாததா? கொழும்பிலிருந்து நீங்கள் வாங்கி வந்த நட்சத்திரப் புத்தகங்களை அலமாரியின் அடித்தட்டில் போட்டுப் பூட்டினேன். இவர் ஆசையாகக் கொண்டுவந்ததைத் தொடாமல் இருக்க முடியவில்லை. பயந்து பயந்துதான் தொட்டேன்.

முதல் நாள், நிலாவைத்தான் பார்த்தேன். காக்கா, அது குழாயில் அடங்கவே இல்லை! இவ்வளவு பெரிய நிலாவா என்று வாயைப் பிளந்தேன். அந்தச் சந்தோஷம் ஒரு நிமிசம் கூட நிற்கவில்லை. எட்டு வருசத்துக்கு முன் நான் பார்த்த பிறை மட்டும் ஏன் அத்தனை சின்னதாக இருந்தது என்ற கேள்வி வந்து நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது.

அந்தச் சாயங்காலம் உங்களுக்கும் மறந்திருக்காது. நோன்பு இருபத்தொன்பது. அன்று பிறை தெரிந்தால் மறுநாள் பெருநாள், தெரியாவிட்டால் முப்பதாம் நோன்பு. நாலைந்து நாள் முன்னாலேயே, தோணி ஓட்டும் உங்கள் சிநேகிதர் தண்டல் மீராசாவிடமிருந்து ஒரு பித்தளைத் தூரக்கண்ணாடியை இரவல் வாங்கி வந்திருந்தீர்கள். அவை நிலா விடியலில் மட்டும் தெரிகிற தேய்பிறை நாட்கள். அதனால் நான் அதில் நட்சத்திரங்களைத்தான் பார்த்திருந்தேன், நிலாவைப் பார்த்ததில்லை. ஊர் ஆண்கள் எல்லாம் கடற்கரையில் நின்றீர்கள். மேற்கே ஒரே மேகம். நீங்கள் வெறுங்கையோடு வீடு திரும்பிய நேரத்தில் நான் மாடியில் இருந்தேன். மேகத்தின் ஒரு கிழிசலில், கண்ணாடிக்குள், நகத்தைக் கீறி வைத்தது போல ஒரு பிறை. வெறுங்கண்ணால் நாம் பார்த்துப் பழகிய அளவிலேயே இருந்தது. நான் கூப்பிட்டு நீங்கள் ஓடி வருவதற்குள் மேகம் மூடிக்கொண்டது.

"நெசமாப் பாத்தியா புள்ள?"

"அல்லா அறியப் பாத்தேன் காக்கா."

பெருநாள் பிறைக்கு இரண்டு ஆண் சாட்சி வேண்டும். பெண் பார்த்தது செல்லாது. நீங்கள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தீர்கள். பிறகு படியிறங்கிக் கடற்கரைப் பக்கம் போனீர்கள். சற்று நேரத்தில் பள்ளிவாசலில் நகரா முரசு முழங்கியது. 'காசிமும் தண்டலும் பார்த்தார்களாம்' என்று தெருவெல்லாம் பேச்சு. உம்மா வட்டிலப்பத்துக்கு முட்டை உடைக்க ஆரம்பித்துவிட்டார்.

மறுநாள் நாம் பெருநாள் கொண்டாடினோம். சுற்றுப்பட்டு ஊர்களில் எல்லாம் நோன்பு பிடித்தார்கள். அன்று அந்தியில் வானம் துடைத்து வைத்தது போல இருந்தது. அதில் முதல் பிறை தெரிந்தது. நான் பார்த்தது நிலாவென்றால் அது இரண்டாம் பிறையாக இருந்திருக்க வேண்டும். அது முதல் பிறையா இரண்டாம் பிறையா என்று நம் கடலோரத்தில் பச்சைப்பிள்ளை கூடச் சொல்லிவிடும். ஒரு ஊரே ஒரு நோன்பை விழுங்கிவிட்டது. எல்லாரும் அதைத் திரும்பப் பிடித்துத் தீர்த்தார்கள். உங்கள் மேல் விழுந்த பெயர் மட்டும் தீரவில்லை. 'நோன்பு முழுங்கி காசிம்.'

அதற்கு முன்னால் நம்மூரில் எந்த நிக்காஹ் நடந்தாலும் சாட்சிக் கையெழுத்துக்கு உங்களைத்தான் கூப்பிடுவார்கள். அதற்குப் பிறகு ஒருவரும் கூப்பிடவில்லை. பந்திக்குக் கூப்பிட்டார்கள், கையெழுத்துக்குக் கூப்பிடவில்லை. நீங்கள் ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாம். கேட்கவே இல்லை. நானும் வாய் திறக்கவில்லை. நாலு வருசத்தில் மஞ்சள் காமாலை உங்களைக் கொண்டுபோய்விட்டது. நான் பொய் சொன்னேன் என்று நினைத்துக்கொண்டே போனீர்களா என்று கேட்டுக் கேட்டு என் தூக்கம் போனது.

போன வாரம், பொழுது சாய்ந்த நேரத்தில், மேற்கே பளிச்சென்று நின்ற வெள்ளியின் மேல் புதுக் குழாயைத் திருப்பினேன். துளையில் கண்ணை வைத்தேன். அது புள்ளியாக இல்லை காக்கா. பிறையாக இருந்தது. தலைகீழாகத் தெரிந்தாலும் அதே மெலிவு, அதே வளைவு. அலமாரியைத் திறந்து நீங்கள் வாங்கித் தந்த புத்தகத்தைத் தேடி எடுத்தேன். வெள்ளியும் நிலாவைப் போலத் தேயுமாம், வளருமாம். எட்டு வருசத்துக்கு ஒரு முறை அதே பருவத்தில் அதே இடத்துக்குத் திரும்புமாம். புத்தகம் வீட்டிலேயே இருந்தது. படிக்க வேண்டிய பக்கத்தை மட்டும் நான் படிக்காமல் விட்டிருக்கிறேன்.

நான் பொய் சொல்லவில்லை. ஆனால் நான் பார்த்தது நிலா இல்லை.

மறுநாளே உங்கள் மனைவியை, என் மதினியை, மாடிக்கு அழைத்து வந்தேன். முட்டி வலியோடு படியேறி வந்தார். ஒற்றைக் கண்ணை மூடத் தெரியாமல் முந்தானையால் பொத்திக்கொண்டு பார்த்தார். வெகுநேரம் கண்ணை எடுக்கவே இல்லை.

"இதத்தானா அவுக பாத்தாக, ஆமினா? அப்ப எம் மாப்புள பொய் சொல்லலயே?"

அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு நான் என்ன சொல்வது? "ஆமா மதினி, இதத்தான் பாத்தாக" என்று சொல்லிவிட்டேன்.

மதினி என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். அன்றைக்கே தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது. 'காசிம் பாத்தது வெள்ளியாம்ல, பாவம், நாமதான் அந்தப் புள்ளயப் பழிச்சிட்டோம்' என்கிறார்கள். பள்ளிவாசல் ஆலிம்சாவே ஆள் அனுப்பி விசாரித்தார். உங்கள் பெயர் சுத்தமாகிறது. பார்த்தது நான் என்பதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

முந்தாநாள் தண்டல் மீராசா வந்தார். கண் மங்கிப்போய்விட்டது அவருக்கு. வாசலிலேயே நின்றுகொண்டு குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"பாத்தது நீதான புள்ள? எனக்குத் தெரியும். காசிம் அன்னைக்குக் கடக்கரைக்கு வந்து, 'தங்கச்சி பாத்துட்டா, அவ சொன்னாச் செல்லாது, நான் சொல்றேன், நீ எங்கூட நில்லு'ன்னான். நின்னேன். நானும் பாக்கல, அவனும் பாக்கல."

உள்ளே வந்து உட்காரச் சொன்னேன், வரவில்லை. நின்றபடியே தொடர்ந்தார்.

"பெறகு ஒருக்கா வாய் தவறிக் கேட்டுட்டேன், ஒன் தங்கச்சி வெளையாட்டுக்குச் சொல்லியிருப்பாளோன்னு. மூணு மாசம் எம் மொகத்துல முழிக்கல. 'அவ பொய் சொல்ல மாட்டா, வானந்தான் பொய் சொல்லியிருக்கும்'னான்."

அப்படியா சொன்னீர்கள்? எட்டு வருசம் நான் கேட்கத் தவித்த வார்த்தையை அந்த மனுசன் வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனார். போகும்போது, "விட்டுரு புள்ள. ஊரு இப்பத்தான் அவன நல்லவன்னுது. கெளறாத" என்றார்.

விடத்தான் நினைத்தேன். உண்மையைச் சொன்னால், பார்க்காமலே 'பார்த்தேன்' என்று பள்ளிவாசலில் சொன்னவர் ஆவீர்கள். சொல்லாவிட்டால் ஏமாந்த நல்ல மனிதராக இருப்பீர்கள். எது உங்களுக்கு நல்லது? உங்களிடம் கேட்க முடிந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? 'போ புள்ள, போய் வேலையப் பாரு' என்பீர்கள். எனக்குத் தெரியும். அதனால்தான் உங்கள் பேச்சை இந்த ஒரு தடவை நான் கேட்கப்போவதில்லை.

நாளை காலை இதை மதினிக்குப் படித்துக் காட்டுவேன். அவர் என்னை வீட்டை விட்டுப் போகச் சொன்னாலும் முழுவதையும் படித்துவிட்டுத்தான் எழுந்திருப்பேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு எல்லார் முன்னிலும் வாசிக்கச் சொல்லி ஆலிம்சாவிடம் கொடுத்தனுப்புவேன். இது சத்தியம். பெண் சொல் செல்லுமா செல்லாதா என்று அவர்கள் முடிவு செய்துகொள்ளட்டும். காசிம் பிறை பார்த்தாரா என்று இனி யார் கேட்டாலும், 'இல்லை, என் காக்கா பிறையைப் பார்க்கவில்லை, என்னை நம்பினார்' என்று சொல்வேன்.

உங்கள் பழியைச் சுமக்க வேண்டிய தங்கச்சி,
ஆமினா