மூக்கில் இட்ட சந்தனம்

மந்தைவெளி
ஞாயிறு

அன்புள்ள மதுவந்திக்கு அப்பாவின் ஆசீர்வாதம். இங்கே நானும் அம்மாவும் க்ஷேமம், விமானம் க்ஷேமம், உமர் ஃபாரூக்கும் க்ஷேமம். ஆக்லாந்தில் நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உமர் க்ஷேமமாக இருப்பதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் பாதியை முழுங்கிவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

மூன்று வருஷமாக ஹாலில் சோபாவைத் தள்ளிவிட்டு நான் ரிவெட் அடித்த இறக்கைகள் போன வியாழக்கிழமை காற்றில் ஏறின. பெட்டியில் வரும் பாகங்களைப் பூட்டிக் குட்டி விமானம் செய்யப்போகிறேன் என்றபோது, ஃபேன் ரெகுலேட்டர் மாற்றத் தெரியாதவர் என்று நீ சிரித்தாய். அம்மா சிரிக்கக்கூட இல்லை. அதற்குத் 'தகரம்' என்று பெயர் வைத்து, மூன்று வருஷமும் தொடாமலே இருந்தாள். அப்படிப்பட்டவள் அன்று காலை வெள்ளிக் கிண்ணத்தில் சந்தனம் குழைத்து எடுத்துக்கொண்டு, செங்கல்பட்டைத் தாண்டி ஓடுதளம்வரை என்னோடு வந்தாள். நான் என் கையால் எழுதிய நாற்பத்திரண்டு வரிப் பட்டியலை வைத்து எல்லாவற்றையும் சரிபார்த்து டிக் அடித்தேன். பூஜை அதற்குப் பின்னால். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தாள், கதவில் பொட்டு வைத்தாள், கடைசியில் இறக்கைக்கு அடியில் மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் சின்னக் குழாயின் நுனியிலும் சந்தனத்தை நன்றாக அப்பிக் குங்குமம் இட்டாள். அந்த நுனித் துளையில் புகும் காற்றின் அழுத்தம்தான் வேகம் காட்டும் முள்ளைத் தள்ளும். முப்பத்தோரு வருஷம் பள்ளிக்கூடத்தில் பிசிக்ஸ் சொல்லிக்கொடுத்த உன் அப்பா பார்த்துக்கொண்டுதான் நின்றேன். அவள் தொட்டுவிட்டாளே என்று தொண்டை அடைத்துக்கொண்டது, குழாய் அடைத்துக்கொண்டது தெரியவில்லை.

முதல் தடவை உமர் தனியாகப் போனார். விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் விமானியாக இருந்து ஓய்வு பெற்றவர், ரேடியோவில் இங்கிலீஷ்தான் பேசுவார். ஒரே ஆள் எடைதான் என்பதால் எதிர்பார்த்ததற்கு முன்பே விமானம் எழும்பிவிட்டது, பிறகுதான் முள்ளைப் பார்த்திருக்கிறார். இன்னா சார் இது, முள்ளு ஜீரோலயே கீது என்று ரேடியோ அலறியது. வேகம் குறைந்தால் விழுந்துவிடும், எவ்வளவு வேகம் என்று தெரியாது. அடுத்த மாதம் அவர் பெண்ணுக்கு நிக்காஹ், பத்திரிகை என் சட்டைப்பையில் இருந்தது. இன்ஜின் சத்தத்தை வைத்தே வேகத்தை ஊகித்து, ஒரு சுற்றுச் சுற்றி இறக்கினார். அந்த நாலு நிமிஷமும் நான் செய்த உதவி, யாருடையதோ ஒரு சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றது. இறங்கி வந்தவர் குழாயைப் பார்த்தார், சந்தனத்தை விரலால் வழித்து என் நெற்றியில் அப்பி, இத்த இங்க வெச்சிருந்தா வம்பே இல்ல சார் என்றார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு வெட்கமில்லாமல் அழுதேன் மதுவந்தி.

அம்மாவிடம் மறைக்கவில்லை. பார்த்துக்கொண்டு நின்றவன் நான், தப்பு என்னுடையது என்றேன். விமானத்தை யாருக்காவது கொடுத்துவிடுவது என்று முடிவு செய்து, அதைச் சொல்ல நேற்று உமரை வீட்டுக்கு வரச் சொன்னேன். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா அவருக்குக் காபியைக் கொடுத்து, மேஜையிலிருந்த விமானப் படத்தை முன்னால் தள்ளி, எங்க இட்டா யாருக்கும் ஒண்ணும் ஆகாதுன்னு நீங்களே காட்டுங்கோ என்றாள். உமர் வால் பக்கத்தில் பேனாவால் ஒரு வட்டம் போட்டார். அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் பெரிசாப் போடுங்கோ என்றாள்.

போனில் அவளிடம் இதைக் கிளறாதே, அவளே சொல்லுவாள். காரை எடுக்குமுன் டயரைப் பார்த்துக்கொள். புத்தி சொல்ல எனக்கு இனி யோக்யதை இல்லை, இருந்தாலும் சொல்கிறேன். இருவரும் தீர்க்காயுசாக இருங்கள். பட்டியலில் நாற்பத்து மூன்றாவது வரி எழுதிவிட்டேன்: பூஜை முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து.

உன் அப்பா,
ஸ்ரீரங்கன்